சந்தேகத்துக்குரியது

ஆர்ம்லி சிறையின் விடுதலைப் பதிவேட்டில்
வினிஃப்ரெட் ஓல்ட்ராய்ட் என்ற பெயருக்கு நேரே
ஏப்ரல் பத்தொன்பது, 1913 என்றிருக்கிறது.
என்னிடமுள்ள ஐந்து புத்தகங்களிலும்
அவள் கையெழுத்துக்குக் கீழே
அதே வருடம், மார்ச்.

வேக்ஃபீல்ட் ஆவணக் காப்பகத்தில்
நாலு மணிக்கு விளக்கணைக்கத் தொடங்குவார்கள்.
மூன்று ஐம்பதுக்கு இதைப் பார்த்தேன்.
பென்சில் தவிர எதற்கும் அனுமதியில்லாத மேசையில்
பென்சிலையும் கீழே வைத்தேன்.

பதினேழு வருடம்.
ரயில்வேயில் சிக்னல் பழுது பார்க்கிறவள் நான்.
இரவுப் பணிக்குத் தரும் கூடுதல் சம்பளமெல்லாம்
ஓட்டுக் கேட்ட பெண்களின் பெயர்களுக்குப் போனது.
புத்தகங்களுக்கு என்று சொன்னால் பொய்.
ஆறு பென்னி விலைபோட்ட பச்சை அட்டை,
நூலாலைப் பெண்ணுக்கு ஏன் ஓட்டு வேண்டுமென்று
நாற்பது பக்கம் வாதம்.
அச்சடித்ததை யாரும் வாங்கலாம்.
நான் வாங்கியது
முதல் பக்கத்து வலது மூலையில்
ஒரு கை தங்கிப்போன இடத்தை.

என்ன கை அது!
முதல் எழுத்து இரண்டு அலையாக எழும்.
கடைசி எழுத்தின் வால் திரும்பி வந்து
பெயர் முழுவதற்கும் அடிக்கோடு போடும்.
ஐந்திலும் அச்சுப்போல அப்படியே.
அதனால்தான் நம்பினேன்.
எல்லா சிக்னலும் ஒரே நேரத்தில் பச்சை காட்டினால்
எங்கோ கம்பி உருகிவிட்டது என்று அர்த்தம்.
வேலையில் தெரிந்தது வீட்டில் தெரியவில்லை.

மறுவாரம் விடுப்பெடுத்துக்கொண்டு போனேன்.
பெட்டி பதினொன்று, தங்கை ஃப்ளோரியின் கணக்கு நோட்டு.
மெழுகுவர்த்தி, தபால்தலை, வக்கீலுக்கு இரண்டு பவுண்டு.
அதற்கடியில்:
"வி. பெயரில் நாற்பது பிரதி. ஒன்று ஒரு ஷில்லிங்.
எல்லாம் போயிற்று. மணிக்கட்டு வலிக்கிறது.
இன்றும் அவளுக்கு மூக்குவழிக் குழாய்."

ஆறாவது ஒன்று இருந்தது.
மே மாதத் தேதி போட்டது.
சுவரைப் பிடித்து நடப்பவள்போல
பெயர் சாய்ந்து சாய்ந்து போய்
கடைசி இரண்டு எழுத்துக்கு இடமில்லாமல்
காகித விளிம்பில் நின்றிருந்தது.
ஐந்தோடு வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.
நேர்மையானவளாயிற்றே,
உள்ளட்டையில் பென்சிலால்
'சந்தேகத்துக்குரியது' என்றெழுதி
ஓட்லி சந்தையில் பதினொரு பவுண்டுக்குத் தள்ளிவிட்டேன்,
மழைக்கோட்டு போட்ட ஒருவரிடம்.
பேரம்கூடப் பேசவில்லை அவர்.

ரசீதில் பெயர் இருந்தது: காஸ்பர் தோர்ப், கார்லைல்.
தொலைபேசியில் முப்பது என்றேன்.
பிறகு அறுபது.
இருநூறு என்றபோது
மறுமுனையில் கெட்டில் கூவி அடங்கியது.
"சந்தேகம் என்று எழுதியது நீங்கள்தானே?" என்றார்.
"எனக்கென்னவோ,
போலி போடுகிறவன் இவ்வளவு கஷ்டப்பட மாட்டான்
என்று தோன்றியது."
ஏன் திரும்பக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.
நான் சொல்லவுமில்லை.

ஐந்தையும் உடனே விற்றுவிடு என்கிறாள்
ஹாலிஃபாக்ஸில் கடை வைத்திருக்கும் டில்டா.
ஒன்று நானூறு போகுமாம்,
அந்த நோட்டை இன்னொருத்தர் திறக்கிறவரை.
பெட்டி பதினொன்றைக் கேட்டு வாங்கியவர்கள் பட்டியலில்
1974க்கு அப்புறம் என் பெயர்தான்.

விற்கவில்லை.
குறிப்பட்டையை மட்டும் மாற்றினேன்.
எழுதியவர்: வினிஃப்ரெட். கையெழுத்து: ஃப்ளோரி.
விலைக்கான கட்டத்துக்கு வந்தபோது
பென்சில் முனை ஒடிந்தது.
சீவவில்லை இன்னும்.

தோர்ப்புக்குக் கடிதம்.
மூன்று முறை கிழித்து
நான்காவதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்,
உள்ளட்டையில் நானெழுதிய வார்த்தையை
அவர் ரப்பரால் அழித்துவிடலாம் என்பது உட்பட.

காலை ஆறு ஐந்து, ஷிப்லி பிளாட்பாரம்.
ராத்திரி முழுக்க உறைந்த கம்பிகளோடு கிடந்த விரல்கள்
பேனாவைச் சுற்றி மடங்க மறுக்கின்றன.
தபால்பெட்டியின் தலைமேல் தாளை வைத்து
அடியில் என் பெயரை எழுதுகிறேன்.

கோணலாகத்தான் வருகிறது.