ஈர மருந்து

விசாரணையில் என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது வேறு.

தேவிபட்டினம் மண்கோட்டையில்
மருந்துக் கிட்டங்கிக்கு நான்தான் கணக்கு.
இருபத்திரண்டு பீப்பாய் என்றது ஓலை.
ஒன்பதில்தான் வெடிமருந்து; அதிலும் நாலை
ஐப்பசி மழை நனைத்திருந்தது.
மற்ற பதின்மூன்றும் எங்கே போயிற்றென்று
கீழக்கரைச் சங்கு வியாபாரி ஒருவருக்குத் தெரியும்.

உறங்காப்புலிச் சேர்வை.
பெயரைக் கேட்டாலே தஞ்சாவூர்க் குதிரைகள்
காதை மடக்கும் என்பார்கள்.
பாம்பாற்று வெள்ளத்தில் அறுபது பேரோடு இரவில் இறங்கி
எதிரியின் கூடாரக் கயிறுகளை மட்டும் அறுத்தவர்.
கவிழ்ந்த துணிக்குள் புரண்ட படையை
வெளியே நின்றபடி அடித்தார்களாம்.
அன்றைக்கு அரண்மனை போட்ட தங்கக் காப்பு
பிறகு கை பெருத்துக் கழற்றவே முடியாமல் போனது.

அது இருபத்தாறு வருஷத்துக்கு முன்.
நான் கண்ட சேர்வை
கால்வீக்கத்துக்கு நொச்சி ஒத்தடம் கொடுப்பவர்.
கணக்கோலையைத் தள்ளிப் பிடித்து
வாசிப்பதுபோல் உதட்டை அசைத்து
‘சரி’ என்று திருப்பித் தருகிறவர்.

மார்கழியில் ஒரு காலை
கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லுக்கும் அப்பால்
கும்பினிச் சலுப்புகள் மூன்று.
முதல் குண்டு உப்பளத்தில் விழுந்தது.
நாரைகள் எழுந்தன.

சேர்வை கிட்டங்கிக்குத் தானே நடந்து வந்தார்.
பீப்பாய்க்குள் கைவிட்டார்.
மணல்.
அடுத்ததிலும்.
விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு
என்னையே பார்த்தார்.
அதற்குள் இரண்டாம் குண்டு வந்து
குதிரைலாயத்தை எடுத்துப்போனது.
“உள்ள பொம்பளைக எத்தனை பேரு?”
எண்பது, பிள்ளைகள் தனி என்றேன்.
அந்தக் கணக்கு சரியாக இருந்தது.

தலைப்பாகையை அவிழ்த்தார். வெள்ளைதான்.

ராமநாதபுரத்தில் நாலு நாள் விசாரித்தார்கள்.
ஒரு வெடி வெடிக்காமல் கோட்டையைக் கொடுத்தவன்;
கும்பினிப் பணம் தின்றவன்;
குடித்திருந்தான் (கொஞ்சம் குடித்தும்தான் இருந்தார்);
பயந்தான்.
பயந்தார். கொத்தளப் படியில்
அவர் முழங்கால் ஆடியதைப் பார்த்தவன் நான்.
மருந்தைப் பற்றி மட்டும் அவர் வாய் திறக்கவில்லை.
என்னைக் காக்கவா,
படிக்கத் தெரியாமல் ஒப்பமிட்டேன் என்று
சபையில் சொல்லக் கூசியா,
இன்றுவரை விளங்கவில்லை எனக்கு.

தலையை வெட்டு என்றார்கள்.
பிறகு பாம்பாற்றுக்காகத் தலையை விட்டார்கள்.
மீசையில் ஒரு பக்கம் மழித்தார்கள்.
குடையை அவர் கண்முன்னே முறித்தார்கள், ஈர்க்கு ஈர்க்காக.
காப்பை அறுக்கத் தட்டான் வந்தான்.
அரம் ராவிய அத்தனை நேரமும்
கூரையில் ஒரு புறா கூடு கட்டுவதைப்
பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர்.

எனக்குக் குறைவில்லை.
கோட்டை போனது, கணக்கு போகுமா?
திருப்பாலைக்குடி உப்பளத்தில் எழுதுகிறேன்.

போன பங்குனியில் கூலியாள் பதிந்தோம்.
வெயிலில் முப்பது பேர் வரிசை.
பதினேழாவது ஆள் காலை இழுத்து இழுத்து வந்தார்.
மணிக்கட்டில் அரம் பட்ட தழும்பு.

எழுத்தாணியை எடுத்துவிட்டேன்.
கேட்டுத்தானே ஆகவேண்டும்.
“பேரு?”

“என்னத்தையாவது எழுதிக்க,
உனக்குத்தான் எழுத வருமே”
என்றார்.