கூச்சம்

ஞாயிறு காலை ஆறரை.
தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு,
எச் பிளாக் மொட்டைமாடி.
தண்ணீர் டேங்கின் நிழல் விழும் பக்கம்
எட்டுப் பேர், சில வாரம் பதினொன்று.
எல்லோருக்கும் சுகர்.
எல்லோரும் வெறும் வயிறு.

மெஷின் ஒன்று, ஊசி அவரவருடையது.
ஸ்ட்ரிப் வாங்க மாதாமாதம் காசு போடுகிறோம், சீட்டு மாதிரி.
போட முடியாதவர் கட்டத்தில்
பரக்கத்துன்னிசா ஒரு பூ வரைந்துவிடுவாள்.
கடன் என்று எழுத அவளுக்குக் கை வராது.

எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.
அது ஒன்றுதான் சட்டம்.
ஏன் என்று கேட்கக் கூடாது, அது இன்னொன்று.
ஆஸ்பத்திரியில் கேட்டாயிற்று,
வீட்டில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.
"இருநூற்று முப்பத்தாறு" என்றார் ஏழுமலை,
தரையைப் பார்த்தபடி.
மச்சினி மகள் வளைகாப்பு, ஐந்து வகைச் சாதம் என்றார்,
யாரும் கேட்காமலே.
அடுத்த விரல் நீண்டது.

பிலோமினா வீட்டு ஃபிரிட்ஜில்
முட்டைக்கு மேல் தட்டில் நாலு பேர் இன்சுலின்,
பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதி.
கரண்ட் போனால் கதவைத் திறக்க விடமாட்டாள்,
பெற்ற பிள்ளை ஐஸ் வாட்டர் கேட்டு அழுதாலும்.
சங்கரா மீன் வாடை அடிக்கும் மருந்து என்பான் சர்குணம்.
அவன் பெயரும் அந்தத் தட்டில்தான்.

நான் டிரெய்லர் ஓட்டினேன்.
ஹார்பர் கேட்டுக்கு வெளியே
ராத்திரி முழுக்க நகராத வரிசை,
டீயும் பன்னும் மட்டும் நகர்ந்து வரும்.
மாத்திரையை விபூதிப் பொட்டலத்தில் மடித்து வைத்திருந்தேன்.
தெரிந்தால் சாவியை வாங்கிக்கொள்வார்கள்.
இங்கே சொன்னேன்,
இவர்களிடம் என் சாவி இல்லை.

எண் முடிந்ததும் பாதம்.
ஒருவர் காலை இன்னொருவர் மடியில் வைக்க வேண்டும்.
தெரியாமல் பட்டாலே
தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர் இது.
மாட்டேன் என்றேன் முதல் வாரம்.
"கூச்சமாண்ணே?" என்றான் சர்குணம்.
கார்ப்பரேஷனில் கால்வாய் அள்ளுகிறவன்,
அவன் காலை மடியில் வாங்கி
டார்ச் அடித்துக்கொண்டிருந்தார் கோதண்டம் சார்.
கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர்,
பத்திரத்தில் திருத்தம் தேடுவதுபோல்
விரலிடுக்கில் தேடினார்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு ஞாயிறு.
சர்குணம் என் இடது காலைத் தூக்கினான்,
பார்த்துக்கொண்டே இருந்தான்.
"வலிக்கலையாண்ணே?"
எது?

கண்டெய்னர் சீல் கம்பி, அரை இஞ்ச்.
செருப்பைத் துளைத்து உள்ளே போய்
சுற்றிலும் சதை வெளுத்திருந்தது.
அந்தக் காலால்தான் கிளட்ச் மிதித்தேன்,
மணலிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் எட்டு டிரிப்.
டிக்கெட் எடுக்காமல்
என்னோடு ஊர் சுற்றியிருக்கிறது ஒரு கம்பி.
என் கால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் என்று அன்றும் கேட்கவில்லை.
ஏழுமலை ஆட்டோவைத் திருப்பினார்.
ஸ்டான்லியில் சீட்டு வாங்க நின்ற பரக்கத்துன்னிசாவை
"இவருக்கு நீங்க யாரும்மா?" என்றார்கள்.
அவள் யோசித்துவிட்டு
"முந்நூற்றுப் பத்து" என்றாள்,
என் எண்ணை.

சுண்டுவிரல் போயிற்று. கால் இருக்கிறது.
சாவியையும் வாங்கிக்கொண்டார்கள்.
இப்போது யார்டில் கேட் பாஸ் எழுதுகிறேன்,
பாதிச் சம்பளம்.
இரண்டு மாதமாக என் கட்டத்தில் பூ.

இன்று சர்குணம் கால் என் மடியில்.
கால்வாய்த் தண்ணீர் தின்ற குதிகால்,
வெடிப்புக்குள் இன்னும் கொஞ்சம் கறுப்பு.
கட்டைவிரல் நகத்தால்
உள்ளங்காலில் மெல்லக் கோடு இழுத்தேன்.
துள்ளிப் பிடுங்கிக்கொண்டான்,
"கூசுதுண்ணே, விடு!"

எழுதிக்கோ பரக்கத்து,
அவன் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக்கோ:
இவனுக்கு இன்னும் கூச்சம் இருக்கிறது.