மைனஸ் பன்னிரண்டு

சோதனைக்கு என்று கேட்டபோது
பம்பைக்காரர் திம்மராயன் நாலே தட்டு தட்டினார்,
மாவு சலிக்கிற மாதிரி.
"போதுமா தங்கச்சி?"
பட்டை பாதியில் நின்றது.
போதும் என்றேன்.

காவேரிப்பட்டணம், அங்காளம்மன் ஊர்வலம்,
இரவு பதினொன்றே கால்.
தெருமுனையில் அம்மன் திரும்பியதும்
அந்த நாலு தட்டு நானூறாயிற்று.
என் உள்ளங்கையில்
மூன்று மாத ஓவர்டைம் பணத்தில் வாங்கிய ரெக்கார்டர்
சிவப்பாய்க் கண் சிமிட்டியது.
குமிழைத் திருகினேன்,
ஐந்து, நான்கு, இரண்டு.
சிவப்பு அடங்கிற்று.
நிம்மதியாகப் பொரி வாங்கித் தின்றேன்.

அறைக்கு வந்து கேட்டால்
பம்பையே இல்லை.
யாரோ விடிய விடியத்
தகரம் கிழிக்கிறார்கள்.
அலையைத் திரையில் பெரிதாக்கினேன்.
மலை மலையாய் எழுந்திருக்க வேண்டியதெல்லாம்
குவாரியில் ஒயர் போட்டு அறுத்த பாறையாகத்
தலை தட்டையாய் நின்றது.
உயரம் ஒன்றும் அதிகமில்லை.
பாதி அளவுதான்.
குட்டையாக, ஒழுங்காக,
வெட்டுப்பட்டு.

எங்கே தப்பு என்று
ஞாயிறு முழுக்கத் தெரியவில்லை.

திங்கள், முதல் ஷிப்ட்.
ஓசூரில் எங்கள் பிரஸ் ஷாப்,
இருநூறு டன் இறங்குகிற இடம்.
புதுப் பையன் சம்பங்கி
பஞ்சு வைக்காமல் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு
கேன்டீனில் உட்கார்ந்து
இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தான்.
ஹேமாவதி அக்கா டீயை ஆற்றியபடி சொன்னாள்:
"இப்ப பொத்தி?
உள்ள போயிடுச்சேடா."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

குமிழ் இருந்தது நடுவீட்டில்.
சத்தம் உடைத்தது வாசற்கதவை.
உடைந்து வந்ததைத்தான் நான்
பதமாய்க் குறைத்துப் பதிந்திருக்கிறேன்.

அடுத்த வெள்ளி அகரம். அதே குழு.
ரெக்கார்டரின் முதுகில்
பேட்டரி மூடியை ஒட்டி
நகத்தால் தள்ளுகிற சின்ன சுவிட்ச்.
வாங்கிய நாள் முதல் 'ஹை'யிலேயே கிடந்தது.
'லோ'வுக்குத் தள்ளினேன்.
மைக்செட் ருக்மாங்கதன்
தன் பெட்டியிலிருந்து ஒயரை நீட்டினார்:
"மைக் ஓட்டையில சொருகிக்கோம்மா, நல்லா தூக்கும்."
தூக்க வேண்டாம் என்றுதானே
இந்தப் பாடு.
வேண்டாமண்ணா என்றேன், அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

இருபதடி தள்ளி
ஒரு டிராக்டர் டிரெய்லரின் மேல்
துண்டை நாலாய் மடித்து
அதன்மேல் வைத்தேன்.
திம்மராயனிடம் போனேன்.
"அண்ணே, சாமி வர்றப்ப அடிக்கிற மாதிரி
கொஞ்சம் அடிங்க."
வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்:
"சாமி வராம அது எப்படிம்மா அடிக்க?"

நியாயந்தான்.
அவருக்கு முடிந்த மட்டும் அடித்தார்.
பட்டை மைனஸ் பன்னிரண்டைத் தொடுகிற இடத்தில்
குமிழை விட்டுவிட்டுக் கையெடுத்தேன்.
மேலே காலியாய்க் கிடந்த பன்னிரண்டும்
சாமிக்கு.

அன்றிரவு சாமி
அதில் பதினொன்றை எடுத்துக்கொண்டது.

இப்போது கேட்கிறேன்,
ஷிப்ட் பஸ்ஸில், ஜன்னலோரம்.
ஆரம்பத்தில் சத்தம் ரொம்பக் கம்மி,
வால்யூமை ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.
ஏற்றினால்
தோலை விட்டுக் குச்சி எழும்புவது கேட்கிறது,
அடிக்கும் அடிக்கும் நடுவே
திம்மராயன் மூச்சு வாங்குவது கேட்கிறது,
அத்தனை பம்பைக்கும் அடியில்
யாரோ ஒருவர் ஒலிபெருக்கியில் கெஞ்சுகிறார்:
தருமபுரி வண்டி, கருப்பு பல்சர்,
அம்மனுக்கு வழிவிட்டு எடுங்க சார்.

நம்பர்கூடக் கேட்கிறது.
நாலு இலக்கமும்.