மைனஸ் எண்பது

ஆராய்ச்சி அலுவலகத்தில் நான் மூன்றாவது மேஜை.
ஜன்னலுக்கு வெளியே தபேபூயா இளஞ்சிவப்பாகக் கொட்டுகிறது என்றால்
எனக்கு அது வசந்தமில்லை, மார்ச்.
மார்ச் என்றால் பயன்பாட்டுச் சான்றிதழ்,
செலவழியாத பணம் தில்லிக்குத் திரும்பிப் போகும் மாதம்.

புற்று, பயிர், நட்சத்திரம்
எதுவானாலும் என்னிடம் வரும்போது
நாடா கட்டிய பச்சைக் கோப்பு.
எலித் தீனி நாற்பது மூட்டையா,
மூன்று விலைப்புள்ளிகள் எங்கே என்பேன்.
“அதற்குள் எலி செத்துவிடும், மேடம்” என்பான்
முனைவர் பட்டத்தின் ஆறாம் வருஷத்திலிருக்கும் ஈஷான் பரூவா.
எலிக்கு விதி தெரியாது.
தணிக்கைக்கு எலி தெரியாது.
நடுவில் என் மேஜை.

கொள்முதல் பிரிவு மஞ்சப்பா
யாரிடமும் இல்லை என்று சொன்னதில்லை.
“நாளெ பன்னி” என்பார்.
பெங்களூருக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகியும்
அந்த ‘வாருங்கள்’ என் காதில்
முதலில் தமிழாகத்தான் விழுகிறது.
சிரிப்பை அடக்கிக்கொண்டு
மறுநாளும் போகிறேன்.

கதவில் பித்தளையில் பெயர்: வசுந்தரா ஹெக்டே,
ஆராய்ச்சிப் புலத் தலைவர்.
உள்ளே காலை முதல் கூட்டம்,
கூட்டத்துக்கான கூட்டம்.
கன்னடத்தில் நான்கு எழுத்தாக இருந்த கையெழுத்து
தேய்ந்து தேய்ந்து
இப்போது பச்சை மையில் ஒரு கொக்கி.
அதில் மாட்டித்தான் தொங்குகின்றன
எழுபத்தியிரண்டு ஆய்வகங்கள்.

இருபத்தெட்டாம் தேதி இரவு. மாங்காய் மழை.
ஹெப்பாளப் பக்கம் மின்மாற்றி வெடித்தது.
ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமி, நின்றது.
மைனஸ் எண்பது உறைபெட்டி
மைனஸ் அறுபத்தெட்டுக்கு வந்து
கூவத் தொடங்கியது.

சான்றிதழோடு உட்கார்ந்திருந்தவள் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன்.
நூருல்லா டீசல் வடிகட்டியைக் கழற்றி
வாயால் ஊதிக்கொண்டிருந்தார்.
பீன்யாவிலிருந்து உலர்பனியோடு கிளம்பிய எட்வின்
கொரகுண்டேபாளையா சிக்னலில் நிற்பதாக
மூன்று முறை சொன்னான்.
ஆர்டர் எண் இல்லை, விலைப்புள்ளி இல்லை,
நாளை என்ற சொல்லும் இல்லை.
வீட்டிலிருந்தே போனில் சொல்லி
லோடு ஏற்றவைத்திருந்தார் மஞ்சப்பா.

தலைவர் வந்தார்.
நைட்டிக்கு மேல் கணவரின் ஸ்வெட்டர்,
கைகளில் தடித்த நீலக் கையுறை.
அவர் உருவ, நான் எண் சொல்ல,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பரூவா எழுத,
தட்டுத் தட்டாகத் தெர்மோகோல் பெட்டிக்கு மாற்றினோம்.
ஐந்தாவது தட்டில் அவர் கை நின்றது.

ராகி வேர்.
பக்கவாட்டில் ஒன்பது வருஷம் முந்தைய தேதி.
உறைபனியைக் கட்டைவிரலால் துடைக்கத் துடைக்க
ஒவ்வொன்றாக வெளியே வந்தன
சுழிகூடப் பிசகாத நான்கு எழுத்துகள்.
“இதை முடிக்கவே இல்லையே” என்றார்.
என்னிடம் சொல்லவில்லை, பரூவாவிடமும் இல்லை.
அதற்குள் அறுபத்தொன்று.
“மேடம்” என்றேன்.
“ம். அடுத்தது” என்றார்.

உறைபெட்டி பழைய குளிருக்குத் திரும்பும்போது
பால் வண்டிகள் ஓடத் தொடங்கியிருந்தன.
எட்வின் யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று தெரியாமல்
ரசீதை என் கையில் திணித்துவிட்டுப் போனான்.

ஆகஸ்டில் பரூவாவின் கட்டுரை வெளிவந்தது.
கடைசிப் பத்தியில் பலருக்கு நன்றி, நிதி எண்ணுக்கும்.
அதில் ஒரு இலக்கம் தப்பு.
பத்திரிகைக்கு நான்தான் எழுதினேன்,
ஒன்று அல்ல ஏழு என்று.
திருத்தம் போட்டார்கள்.
உலக விஞ்ஞானத்தில் என் பங்கு ஒரு ஏழு.
குறைச்சல் என்று சொல்ல மாட்டேன்.

உலர்பனிக்கு இன்னும் பணம் போகவில்லை.
மூன்று விலைப்புள்ளிகள் எங்கே என்று
தணிக்கை கேட்டிருந்தது, என் வாக்கியத்திலேயே.
‘அவசரம். நேரில் இருந்தேன்’ என்று ஒரு வரிக் குறிப்போடு
நேற்று மேலிருந்து இறங்கி வந்தது கோப்பு.
அடியில் கொக்கியைத் தேடினேன்.
இல்லை.
பச்சை மையில், நிதானமாக,
நான்கு எழுத்து.