நாலு ஸ்கொயர்

ஹாலில் டிவி ஓடும் அதே லைனில்தான்
முதல் நாள் வாளை ஓட்டினேன்.
மூணு எச்.பி. மோட்டார். ஓசூரில்
இழுத்து மூடிய பட்டறை ஒன்றில் பேசி வாங்கியது.
உறுமியது. வீட்டு விளக்கெல்லாம்
ஒருமுறை கண் செருகி விழித்தன.
இரண்டாம் பலகை பாதி அறுபடும்போது
மீன் கருகின மாதிரி ஒரு வாசம்.
பக்கத்து வீட்டுக் குழம்பு என்றுதான் நினைத்தேன்.
திரும்பிப் பார்த்தால் சுவரில்
பிளக்கும் சாக்கெட்டும்
பிடித்த பிடி விடாமல் உருகிக் கிடந்தன.

திம்மராஜ் வந்தார்.
உருகியதைக் கையில் உருட்டிப் பார்த்து
"தப்பு இதும்மேல இல்ல" என்றார்,
வேண்டியவருக்குப் பரிந்து பேசுவதுபோல.

பேரம் பேசினேன், மறைக்கவில்லை.
இரண்டரை ஸ்கொயர் வயர் போதாதா?
"போதும், மாவு அரைக்கறதா இருந்தா."

நாலு ஸ்கொயர் செம்பு.
மெயின் போர்டிலிருந்து கொட்டகைவரை
நடுவில் ஒட்டே போடாமல் இருபத்திரண்டு மீட்டர்.
அதன் தலைமாட்டில் தனி டிரிப்பர், இருபது ஆம்பியர்,
மோட்டார் எழும்போது இழுக்கும் பெருமூச்சைக்
கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் ரகம்.
அதற்கும் மேலே இன்னொன்று,
எங்கள் குழுவில் கணக்கு எழுதும் பல்கீஸ் மாதிரி:
போனது அத்தனையும் திரும்பி வந்ததா?
முப்பது மில்லி உதைத்தால் போதும்,
ஏன் எதற்கு என்று கேட்காமல் நோட்டை மூடிவிடும்.

எல்லாம் இரண்டே நாள். குழி தவிர.

ஜெகதேவியில் யார் தோண்டினாலும்
இரண்டடியில் கல் பல்லைக் காட்டும்.
வெட்டி வெட்டி லாரியில் ஏற்றுகிறார்கள்,
இன்னும் தீரவில்லை.
கொட்டகை மூலையில் கடப்பாரை: ணங்.
வேலியோரம்: ணங்.
அரைக்குழியில் ராடு இறக்கி மீட்டரை வைத்தார்.
நாற்பத்தொரு ஓம்.
"எர்த்துன்னு இதுக்குப் பேரு வெக்கலாம். அவ்ளோதான்."

முழுப் பணத்தையும் எடுத்து நீட்டினேன்.
கனெக்‌ஷன் கொடுத்துட்டுப் போங்க,
மழை வந்தா மண்ணு இளகும், அப்புறம் பாக்கலாம்.
பன்னிரண்டு நாற்காலிக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தேன்,
வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தேன்.
அவர் பணத்தைப் பார்க்கவில்லை.
ஸ்குரூடிரைவரைத் துடைத்துப் பையில் போட்டார்.
டீயை மட்டும் குடித்தார்.

டம்ளரைக் கழுவப் போனபோதுதான் பார்த்தேன்:
பாத்திரத் தண்ணீர் ஓடி முடியும் இடத்தில்
சேம்பு ஆளுயரம் நின்றது.
கூப்பிட்டேன். வண்டியை ஸ்டார்ட் செய்திருந்தவர்
அணைத்துவிட்டு வந்தார்.

எட்டடி. ஒரு கல் இல்லை.
கறுத்த, ஊறின, புழு நெளிகிற மண்.
கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு,
நடுவில் பைப்பு.
மூன்று புள்ளி எட்டு.

கடைசியில் ஒரு குண்டு பல்பை எடுத்து
புது சாக்கெட்டின் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கொடுத்தார்.
தொட்ட மாத்திரத்தில் மேலே "டப்".
பல்பு எரியவே இல்லை.
எரியாத அந்த பல்பைப் பார்த்து
மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

நாற்காலி அடுத்த செவ்வாய்தான் போனது.
ஏச்சு வாங்கினேன்.

நேற்று பாதிப் பலகையில் கரண்ட் போனது.
வாள் தயங்கித் தயங்கி நின்றது.
பல்லுக்கிடையில் சிக்கிய சிராயை எடுத்துக்கொண்டிருந்தேன்.
சட்டென்று ஃபேன், தெருவிளக்கு, யார் வீட்டிலோ சீரியல்
எல்லாம் ஒன்றாய் உயிர்த்தன.
வாள் மட்டும் அசையவில்லை.
ஸ்டார்ட்டரில் பச்சையை நான் அமுக்கினால்தான் அதற்கு விடிந்ததாம்.
விரலை எடுத்தேன். கொஞ்ச நேரம்
அமுக்காமல் நின்றேன்.

கோடை இது. குழிக்குத் தினம் இரண்டு வாளி.
"செடியே இல்லாத இடத்துக்கு
யாருக்கு ஊத்துற?" என்கிறாள் பக்கத்து வீட்டு குப்பம்மா.
சேம்பு மறுபடி ஒரு இலை விட்டிருக்கிறது,
அதைக் காட்டிவிட்டு வந்தேன்.