இருநூறு வாட்

கரண்ட் வரும் நேரத்தைக் கடைக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.
பர்மிய எழுத்தில் ஒரு தாள், கீழே தமிழில் ஒன்று.
மின்சார இலாகா
இரண்டையும் படித்ததாகத் தெரியவில்லை.

மோல்மேனில் கேம் கடை என்றால்
மூன்று டிவி, கால் ஆடும் ஆறு ஸ்டூல்,
மேசைக்கு அடியில் லாரி பேட்டரி இரண்டு,
ஜூன் தொடங்கி அக்டோபர் வரை
தகரத்தில் மழை. யார் கோல் போட்டாலும் கேட்காது.
அரைமணிக்கு ஐந்நூறு கியாட்.

பழைய மெஷினுக்கு வயது என் மூத்தவனைவிட அதிகம்.
லென்ஸ் மங்கியபோது தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன்,
அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.
முப்பது வாட் குடிக்கும். அதற்கு மேல் கேட்டதில்லை.

கொழுந்தன் செபஸ்தியான் சிங்கப்பூரிலிருந்து
புதியதைக் கொண்டுவந்தான், நான்கு லுங்கிக்குள் சுற்றி,
சுங்கத்தில் ரைஸ்குக்கர் என்று சொல்லி.
இது அதைவிட இத்தனை மடங்கு சக்தி அண்ணி என்று
ஓர் எண் சொன்னான், பின்னால் நிறைய சைபர்.
கியாட்டில் கணக்கு எழுதுகிறவள் நான்,
சைபருக்கு அசரமாட்டேன்.

ஆனால் போட்டுக் காட்டினான்.
மைதானத்தில் மழை.
கோலியின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டுகிறது,
பந்து உருண்ட தடத்தில் புல் கொஞ்சம் தாமதித்து நிமிர்கிறது.
பொய் சொல்லமாட்டேன், எனக்குத் தொண்டை அடைத்தது.

அன்று ராத்திரியே பையன்கள் வந்துவிட்டார்கள்.
பள்ளிக்கூடத்தில் ஆங் நைங், வீட்டில் முத்தையா ஒருவன்;
தாவூத்; படகுத்துறை சோ தூ;
ஆடாமல் அடுத்தவன் ஆட்டத்தைத் திருத்தவே வரும் தின்சா.
ஏழே காலுக்குக் கரண்ட் போனது. பேட்டரிக்கு மாற்றினேன்.
புதியதும் டிவியும் சேர்ந்து
பேட்டரியை உறிஞ்சுவதை இன்வெர்ட்டர் முனகலிலேயே கேட்கலாம்.
இருபத்திரண்டு நிமிடம்.
ஐந்துக்கு ஐந்து, பெனால்ட்டி,
முத்தையா ஓடிவந்து காலை ஓங்கும்போது
எல்லாம் கறுப்பு.

கத்தினார்கள். என்னைத் திட்டினார்கள், அரசாங்கத்தைத் திட்டினார்கள்,
செபஸ்தியானை எந்த மொழியில் திட்டுவது என்று கொஞ்சம் குழம்பினார்கள்.
பிறகு தின்சாதான் சொன்னாள்:
நீ என் காதில் சொல், இடதா வலதா நடுவா.
நீ பாய்.

முத்தையா இருட்டில் அவள் காதில் என்னவோ சொன்னான்.
தாவூத் கையை விரித்துக் குனிந்தான், ஸ்டூலைத் தள்ளிவிட்டு.
தெருவில் சைக்கிள் மணிகூட இல்லை.
ஒன்று, இரண்டு,
தாவூத் இடதுபக்கம் பாய்ந்ததில்
அரிசி டின் கவிழ்ந்தது.
"நடு!" என்றாள் தின்சா.

எதிர் டீக்கடைக்காரர்கள் டார்ச்சோடு ஓடிவந்தார்கள்,
திருடன் என்று நினைத்து.
ஒன்பது மணிவரை ஆடினார்கள் அப்படியே.
அதற்கும் அரைமணிக் காசு கேட்டேன்.
தரவில்லை.

இதை வைத்து, மெஷினின் சக்தி ஒரு பொருட்டே இல்லை என்று
எழுதி முடித்துவிடலாம்.
மறுநாள் செபஸ்தியானிடம் அப்படித்தான் சொன்னேன்,
எடுத்துப்போய் யாருக்காவது விற்றுவிடு,
எனக்கு முப்பது வாட் போதும்.

அவன் எடுக்கவில்லை. நானும் இரண்டாம் முறை சொல்லவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால்
முதலில் மோட்டார் போட வேண்டும், பிறகு பேட்டரி,
பிறகு நாளைக்கான சட்டைகளுக்கு இஸ்திரி.
மோட்டார் போட்டுவிட்டு வந்து உட்கார்கிறேன்.
எதிரணி என்று ஒன்று இல்லாத ஆட்டம்.
பந்தைத் தொடுவதில்லை. என் ஆளை மூலைக்கொடி வரை நடத்திப்போய்
நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்க்கிறேன்.

பழையதில் கூட்டம் என்பது வெட்டி ஒட்டிய அட்டை.
ஒரே ஆள் நானூறு தடவை.
இதில் மூன்றாம் வரிசையில் ஒரு பெண்,
மஞ்சள் மழைக்கோட்டு, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைக்கிறாள்.
மாட்டுகிறாள். மறுபடி நனைகிறது.
அவளை யாரும் ஆட்டுவிக்கவில்லை,
அவளைப் பார்க்க யாரும் காசு கொடுப்பதில்லை,
அவளுக்காக எத்தனை வாட் போகிறதோ.

மாடியில் தொட்டி நிறைந்து வழிகிற சத்தம்.
இதோ எழுந்திருக்கிறேன்.
இன்னொரு தடவை துடைக்கட்டும்.