ஓதம்: உண்டு / இல்லை

சென்னையிலிருந்து வந்த படிவங்கள்
கடலோரக் கணக்கெடுப்புக்கு அச்சிட்டவை.
மிச்சம் கிடந்த கட்டு.
தர்மபுரிக்கு இது போதும் என்று யாரோ
கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.
கடலே இல்லாத மாவட்டத்துக்காரி நான்,
ராசிமணலில் முட்டிவரை தண்ணீரில் நின்று
முதல் கட்டத்தை நிரப்பினேன்.
கப்பலின் பெயர்.

மாதையன் பரிசலைத் துடுப்பால் தட்டிக் காட்டினார்.
மூங்கில் வரிச்சு, உரச்சாக்கு, இரண்டு பூச்சுத் தார்.
"பேரெல்லாம் இல்லீங்க. நம்பர்தான். எழுபத்தி மூணு."
மூணு பாதி அழிந்திருந்தது.
தலைமை மாலுமி என்ற இடத்தில் அவரை எழுதினேன்.
பயணிகள்: நான், வனக்காவலர் ருத்ரப்பன்,
ஒரு பை அரிசி, கொஞ்சம் கருவாடு,
நீந்தத் தெரியாத ஒரு கேமரா.
ஒகேனக்கல் வரை மூன்று நாள்.
நீர்நாய்களை எண்ண வேண்டும்.

அடுத்த கட்டம்: பார்த்த கரை, இடமா வலமா.
பரிசலுக்கு முன்பக்கம் கிடையாது.
சின்னச் சுழி ஒன்று தொட்டதும்
தமிழ்நாடு முகத்துக்கு நேரே வந்தது,
தோள்பக்கம் நகர்ந்தது, முதுகுக்குப் போனது,
அந்த இடத்தில் கர்நாடகம் வந்து நின்றது.
போன் இரண்டையும் கைவிட்டிருந்தது.
இரண்டு பனை உயரத்துக்குப் பாறை,
அதற்கு மேல் கிளுவை முள்,
அதற்கும் மேல் கொஞ்சமாய் வானம்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன்.

மருதமரக் கவட்டில்
என்றைக்கோ வந்த வெள்ளம் ஏற்றிவைத்த
சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி.
ஆளில்லாமலே அந்த வளைவுக்குத் தலைமை தாங்கியது.
மணல்திட்டில் வாய் பிளந்த முதலை.
முதலைக்குக் கட்டம் இல்லை.
திமிங்கிலத்துக்கு இருக்கிறது.

பிலிகுண்டுலு அளவுமானியைத் தாண்டிய மாலையில்
ருத்ரப்பன் என் தோளைத் தொட்டார்.
முதலில் சத்தம்தான்:
முறுக்கு கடிப்பதுபோல்
கெளுத்தி மீனின் தலை நொறுங்கும் சத்தம்.
பிறகு ஈரத் தலைகள், ஒன்றன்பின் ஒன்றாய்.
மாதையன் துடுப்பை நிறுத்திவிட்டார்.
போன மாசி மாதம் அவர் வலையை
மூன்று இடத்தில் கிழித்த வம்சம் இது.
பல்லைக் கடித்துக்கொண்டே பார்த்தார்.
நான் ஆறு என்று எழுதப் போனேன்.
"பொறவால குட்டி மூணு இருக்குது," என்றார்,
"அதையும் சேத்துக்கங்க."

எதிர்க்கரையில் அவர்களுடைய குழு.
நீலக் கூடாரம், கழுத்தில் தொலைநோக்கியோடு ஒருத்தி.
என்னைப் பார்த்து ஒன்பது விரல் காட்டினாள்.
நானும் ஒன்பது விரல் காட்டினேன்.
இனி பெங்களூரில் ஒன்பது, சென்னையில் ஒன்பது.
டில்லியில் யாராவது கூட்டிப் பதினெட்டு என்பார்கள்.
நீர்நாய்கள் நடு ஆற்றில் மல்லாந்து
வயிற்றின்மேல் மீனை வைத்துத் தின்றுகொண்டிருந்தன.

இரவு மழை.
பரிசலைக் கவிழ்த்து, ஒருபக்கம் துடுப்பை முட்டுக்கொடுத்து,
கப்பலுக்கு அடியில் மூவரும் படுத்தோம்.
தார் வாசனை. அப்புறம் கருவாட்டு வாசனை.
ருத்ரப்பன் மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்த கதையை
இரண்டாம் முறை சொல்லி, பாதியில் தூங்கிப்போனார்.

விழித்தபோது என் செருப்பு மிதந்துகொண்டிருந்தது.
மேலே எந்த அணையிலோ மதகைத் தூக்கியிருக்கிறார்கள்.
நேற்று நான் குனிந்து முகர்ந்து,
செதில் பொறுக்கி, படம் எடுத்து,
நீர்நாய் எச்சம் என்று குறித்த பாறையைக் காணோம்.
சோறாக்கிய மூன்று கல்லையும் காணோம்.
மாதையன் முழங்கையால் அளந்து
"ஒன்றரை முழம்," என்றார்.

படிவத்தைப் பிரித்தேன். நனைந்த நான்காம் பக்கம்.
ஓதம்: உண்டு / இல்லை.
உண்டு என்பதில் குறியிட்டேன்.
ஏறிய நேரம்: விடியலுக்கு முன்.
இறங்கும் நேரம்?
"அது மேல கேட்டாத்தான் தெரியும்," என்றவர்
பரிசலை நிமிர்த்தினார். "ஏறுங்க."

ஏறினோம். அரைச்சுற்று சுற்றியது.
பார்வையில் பட்ட முதல் கரையைக் காட்டி
"இது எது?" என்றேன்.
"இருங்க," என்றார், "நிக்கட்டும்."